மொபைல் டவர்ல கழட்டுன பழைய ஜிபிஎஸ்டிஓ (ஜிபிஎஸ் சிக்னலை வச்சு தன்னைத்தானே திருத்திக்கிற ஆசிலேட்டர்) வாங்கி வீட்டு பெஞ்சுக்கு 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸா வைக்கலாமா?

மஞ்சக்குப்பம் மாடி ரூம்
எல்லாருக்கும் வணக்கம், கடலூர்ல இருந்து எழுதுறேன். என்கிட்ட ரெண்டு ஃப்ரீக்வென்சி கவுன்டர் இருக்கு, ஒரே சிக்னல் ஜெனரேட்டர்ல 10 மெகாஹெர்ட்ஸ் வச்சு ரெண்டுலயும் குடுத்தா ஒண்ணு 14 ஹெர்ட்ஸ் கம்மியா காட்டுது இன்னொண்ணு 9 ஹெர்ட்ஸ் கூட காட்டுது, எதை நம்புறதுன்னே தெரியல. கியூஓ-100ங்கிற ஹாம் ரேடியோ சேட்டிலைட் கேக்கலாம்னு எல்என்பி (டிஷ் முன்னாடி மாட்டுற ரிசீவர்) ரெடி பண்ணி வச்சிருக்கேன், 10 கிகாஹெர்ட்ஸ்ல 1 பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) தப்புனாலே 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போயிடுது, நாலு ஸ்டேஷன் தாண்டி போய் உக்காருது. டிரிம்பிள் தண்டர்போல்ட்ங்கிற ஜிபிஎஸ்டிஓ ஒண்ணு செகண்ட்ஹேண்ட்ல வருது, ரொம்ப வருஷம் ஓடுன சாமான், தேதி வேற தப்பா காட்டுமாம். நம்ம ஊரு உப்புக்காத்துக்கு மொட்டமாடில ஆன்டெனா தாங்குமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

லாஸ்பேட்டை பட்டறை
தம்பி தாராளமா வாங்குங்க. நான் பாண்டில ஆறு வருஷமா இதே மாடலை நிறுத்தாம ஓட்டுறேன். சிடிஎம்ஏங்கிற பழைய மொபைல் நெட்வொர்க் டவருங்க எல்லாம் ஒரே கடிகார நேரத்துல நடக்கணும், ஜிபிஎஸ் சிக்னல் போயிட்டாலும் பல மணிநேரம் மைக்ரோசெகண்ட் கணக்குல தாக்குப்பிடிக்கணும், அதுக்காகத்தான் உள்ள அவ்ளோ நல்ல ஓவன் கிறிஸ்டல் (ஒரே சூட்டுல வச்சிருக்குற கிறிஸ்டல்) போட்டிருக்கான், பழசு பழசுன்னு பயப்படாதீங்க, கிறிஸ்டல் வருஷக்கணக்கா ஓட ஓட அதோட டிரிஃப்ட் குறையத்தான் செய்யும்.

தேதி விஷயம் என்னன்னா ஜிபிஎஸ்ல வாரத்தை 10 பிட்ல எண்றாங்க, 1024 வாரம் ஆனா திரும்ப சைபர். தண்டர்போல்ட்டுக்கு அது 2017 ஜூலை 30ல வந்துச்சு, அன்னைக்கு 1997 டிசம்பருக்கு போயிடுச்சு. 10 மெகாஹெர்ட்ஸுக்கும் 1 பிபிஎஸ்ஸுக்கும் (செகண்டுக்கு ஒரு பல்ஸ்) ஒண்ணும் ஆகல.

பவர் சப்ளை +12, −12, +5 மூணும் வேணும், இன்வெர்ட்டர் லைன்ல போடுங்க. ஆன்டெனா சாக்கெட் எஃப் கனெக்டர், அதனால கேபிள் டிவிக்கு போடுற ஆர்ஜி6 ஒயரே போதும்.

உப்புக்காத்துதான் நம்ம ஊரு பிரச்சனை. ரெண்டாவது மழைக்கு எனக்கு எட்டு சேட்டிலைட் வந்த இடத்துல ரெண்டுதான் வந்துச்சு, ஆன்டெனா போயிடுச்சுன்னே நெனச்சேன், மாடிக்கு போய் கனெக்டரை கழட்டுனா நடுக்கம்பி பச்சை பூத்து நுனி துரு ஏறி இருக்கு, அந்த ஒயர்ல செம்பு மேல்பூச்சுதான் உள்ள இரும்பு. அதோட ஆன்டெனாவுக்கு 5 வோல்ட் வேற அதே கம்பில போகுதா, ஈரம் பட்டா சீக்கிரம் அரிச்சிடும். புதுசா வெட்டி மாட்டி, ரப்பர் மாதிரி தானா ஒட்டிக்கிற டேப்பை இழுத்து சுத்துனேன், ஒயரை கீழ ஒரு வளைவு விட்டு மேல ஏத்துனேன், அப்புறம் தொந்தரவே இல்ல.

ஓல்டு டவுன் ஹாம்
அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஒண்ணு சேத்துக்கோங்க ப்ரோ, வாங்குறதுக்கு முன்னாடி டாக் வோல்டேஜ் (கிறிஸ்டலை சரியான ஃப்ரீக்வென்சிக்கு இழுக்குற வோல்டேஜ்) என்னன்னு கேளுங்க, லேடி ஹெதர் சாஃப்ட்வேர்ல தெரியும். ரேஞ்சோட ஒரு ஓரத்துல போய் நிக்குதுன்னா கிறிஸ்டலை அதுக்கு மேல இழுக்க இடமில்ல, அதை விட்டுடுங்க.

வந்ததும் கவுன்டரோட எக்ஸ்டெர்னல் ரெஃபரன்ஸ்ல இதை குடுத்துட்டு அதே கவுன்டர்ல இதையே அளக்காதீங்க, ரெஃபரன்ஸ் தப்பா இருந்தாலும் 10 மெகாஹெர்ட்ஸ்னுதான் காட்டும். ஸ்கோப்ல சேனல் 1ல இதை போட்டு ட்ரிகர் பண்ணி சேனல் 2ல மத்த ஆசிலேட்டரை பாருங்க. அலை ஒரு சைக்கிள் நகர 10 செகண்ட் ஆச்சுன்னா 0.1 ஹெர்ட்ஸ் வித்தியாசம், 100 செகண்ட் ஆச்சுன்னா 0.01. இதை விட தெளிவா எந்த மீட்டரும் காட்டாது.

முத்தியால்பேட்டை
ஃபேன் காத்து நேரா படாம வைங்க சார், நான் மேல ஒரு அட்டைப்பெட்டிய கவுத்து வச்சிருக்கேன், டெம்பரேச்சர் கோடு அன்னைக்கே நேராயிடுச்சு.

மார்ச் ஏப்ரல், செப்டம்பர் அக்டோபர்ல சாயங்காலம் ஏழு மணிக்கு மேல ஜிபிஎஸ் சிக்னல் துள்ளுச்சுன்னா ஆன்டெனாவ போட்டு நோண்டாதீங்க. மேக்னடிக் ஈக்வேட்டர் திருநெல்வேலி பக்கமா போகுது, சூரியன் அடங்குன அப்புறம் அயனோஸ்ஃபியர்ல (வானத்துல மின்னேற்றம் உள்ள அடுக்கு) குமிழி குமிழியா கிளம்பி நம்ம தலைக்கு மேல வரும், சூரியப்புள்ளி அதிகமா இருக்குற வருஷத்துல இன்னும் மோசம். பெரும்பாலும் நடுராத்திரி வாக்குல அடங்கிடும், அதுவரைக்கும் ஓவன் பாத்துக்கும். ரெண்டு மூணு கருவிக்கு குடுக்கணும்னா டி போட்டு பிரிக்காதீங்க, கேபிள் டிவி கன்ட்ரோல் ரூம்ல கழிச்சுப்போட்ட வீடியோ டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபயர் கெடச்சா அதுவே போதும், 10 மெகாஹெர்ட்ஸ்ல லெவல் எறங்காம வருதான்னு மட்டும் பாத்துக்கோங்க.

மஞ்சக்குப்பம் மாடி ரூம்
வாங்கிட்டேன் அண்ணா! டாக் வோல்டேஜ் நடுவுலதான் நிக்குது. அஞ்சு நாள் ஓடவிட்டு நேத்து ராத்திரி ரெஃபரன்ஸை கவுன்டருங்களோட இன்புட்லயே குடுத்து பாத்தேன், மொதல் கவுன்டர் 9999980 காட்டுது, ரெண்டாவது 10000003. அந்த தப்பை கழிச்சு பழைய கணக்கை திரும்ப போட்டா ரெண்டு கவுன்டர்லயும் ஜெனரேட்டர் 6 ஹெர்ட்ஸ் கூடன்னு ஒரே பதில் வருது. கவுன்டருங்களை திருத்துற ட்ரிம்மர் இன்னும் தொடல, இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்னு விட்டிருக்கேன். ஆன்டெனா கனெக்டர்ல டேப் சுத்தியாச்சு.