பழைய எச்ஓ மாடல் ரயில் என்ஜினுக்கு டிகோடர் போட உதவி தேவை

அண்ணன்மார்களே, வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் ஈப்போவில் ஒருவரிடம் ஏதர்ன் கம்பெனியின் பழைய எச்ஓ மாடல் டீசல் என்ஜின் ஒன்றை 80 வெள்ளிக்கு வாங்கினேன். எச்ஓ என்றால் நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு (1:87) அளவு. கையில் எடுத்தால் நல்ல கனம்; பெட்டிகளை இழுக்க அந்தக் கனம்தான் வேண்டும். லயத்து வீட்டில் ரயில் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான், இதை விட மனசு வரவில்லை.

பிரித்துப் பார்த்தால் கியர்ப் பெட்டியில் கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. சுரண்டித் துடைத்து, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். இப்போது ஓடுகிறது. ஆனால் வேகத்தைக் குறைத்தால் திக்கித் திக்கி நிற்கிறது. இரும்புச் சக்கரங்களில் கறுப்பு படிந்துகொண்டே இருக்கிறது. நிக்கல் சில்வர் சக்கரம் மாற்றினால் சரியாகுமா?

அப்புறம் முக்கியமான கேள்வி. டிசிசி, அதாவது தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பி என்ஜினை ஓட்டும் முறைக்கு மாற ஆசை; அதற்கு அந்தக் கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் டிகோடர் என்ற சின்ன மின்பலகையை உள்ளே போட வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கீழ்ப்பக்க பிரஷ் கிளிப் உலோகச் சட்டத்தைத் தொடுகிறது. சட்டத்தோடு மின்தொடர்பு இல்லாதபடி அதைப் பிரிக்காவிட்டால் டிகோடர் கருகிவிடும். மின்சாரம் கடத்தாத காப்டான் (Kapton) டேப் ஒட்டினால் போதுமா? 12 வோல்ட்டில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி அளந்தால் 1.4 ஆம்பியர் காட்டுகிறது. 1 ஆம்பியர் டிகோடர் தாங்குமா, இல்லை மோட்டாரையே மாற்றலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பேராக் பக்கம் யாராவது இருந்தால் என்ஜினை நேரிலேயே கொண்டு வருகிறேன்.