விறகு அடுப்புப் புகையால் கண் பாதிப்பு: சொட்டு மருந்தைத் தவிர என்ன செய்யலாம்?

முல்லைக்கொடி:
ராமநாதபுரம் பக்கம் ஓட்டு வீடு, ஓலை வீடுகளில் சீமைக்கருவேல விறகும் பனை மட்டையும்தான் எரிகிறது. கேஸ் இருந்தாலும் டீ போட மட்டும்தான். பெண்களுக்குக் கண் உறுத்தல், நீர் வடிதல். நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பார்வை மங்கல். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிச் சமாளிக்கிறார்கள். எது புகையால் வருவது? ஜன்னல் இல்லாத சமையலறையில் குறைந்த செலவில் என்ன வழி?

கண்ணொளி:
முதலில் அந்தச் சொட்டு மருந்துப் புட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசொலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பு சட்டென்று குறையும், அதனாலேயே திரும்பத் திரும்ப வாங்குவார்கள். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், கண்புரையும் வரும். அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது. இது புகையைவிடப் பெரிய ஆபத்து.

அடுப்பை விட்டு விலகியதும் உறுத்தல் தணிந்தால் அது புகையிலுள்ள அக்ரோலின், ஃபார்மால்டிஹைட் போன்றவை தரும் எரிச்சல். சுத்தமான தண்ணீரில் கழுவினால் போதும். கண் காய்ந்தே இருந்தால் கண்ணுக்கு ஈரம் தரும் கார்பாக்ஸிமெதில்செல்லுலோஸ் 0.5 சதவீதச் சொட்டு. தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடவே கூடாது.

மங்கலில் இரண்டு வகை. ஊசி கோக்க முடியவில்லை, தூரத்தில் பஸ் போர்டு தெரிகிறது என்றால் வெள்ளெழுத்து, கண்ணாடி போதும். தூரமும் மங்கி வெயில் கூசினால் கண்புரையாக இருக்கலாம். புகையின் நச்சு நுரையீரல் வழியே ரத்தத்தில் கலந்து கண் லென்ஸின் புரதத்தைக் கெடுப்பதாகக் கருதப்படுகிறது. நேபாள–இந்திய எல்லைப் பகுதிப் பெண்களிடம் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், புகைபோக்கி இல்லாத விறகு அடுப்பில் சமைத்தவர்களுக்குக் கண்புரை கூடுதலாக இருந்தது. காற்றோட்டமில்லாத சமையலறை தனியாகவே ஆபத்தைக் கூட்டியது. வந்த புரைக்கு அறுவை சிகிச்சைதான், சொட்டு மருந்தில் கரையாது. சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். கண்வலி, தலைவலியோடு திடீரென்று மங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சூளைமண்:
ஓட்டு வீடுன்னா புகைபோக்கி வைக்கலாம். 4 அங்குலக் குழாய், சுட்ட மண்ணோ சிமெண்டோ. பிவிசி உருகிடும், மெல்லிசு தகரம் உப்புக்காத்துல சீக்கிரம் துருப்பிடிக்கும். கூரை ஓடு ஒண்ணைக் கழட்டிட்டு, துளை போட்ட தகரம் வச்சு அது வழியா ஏத்துங்க. முகட்டுக்கு மேல 2 அடியாவது நிக்கணும், இல்லேன்னா காத்து புகையைத் திருப்பி வீட்டுக்குள்ள தள்ளும். முழங்கை மாதிரி மடிப்பு வேண்டாம், கரி அங்கதான் அடையும். அடியில மூடி வச்ச துளை ஒண்ணு விட்டு, பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் கம்பில கோணி சுத்திக் குத்தி எடுக்கணும். நிறைய வீட்ல புகைபோக்கி வச்ச ‘புகையில்லா அடுப்பு’ தோத்துப்போறது இந்த ஒரு வேலை நின்னதாலதான்.

அடுப்புக் குழிக்கும் பாத்திரத்துக்கும் இடையில சந்து இருந்தாலும் புகை அது வழியா மூஞ்சிக்குத்தான் வரும். சின்னப் பாத்திரத்துக்குத் தகரத்துல வளையம் வெட்டிப் போடுங்க.

ஓலைக்கூரைல குழாய் ஏத்தவே கூடாது, பொறி போதும். அடுப்பை வெளித் தாழ்வாரத்துக்கு மாத்தி மேல தகரம் போடுறதுதான் சரி.

பச்சைக் கருவேலத்துல தண்ணி நிறைய இருக்கும். மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்து ரெண்டு மூணு மாசம் வெயில்ல அடுக்கணும். ரெண்டு கட்டையைத் தட்டினா கணீர்னு கேக்கணும். பத்தவைக்கக் கேரி பேக் போடாதீங்க, பன்னாடை இல்ல தேங்கா நார் போதும்.

முல்லைக்கொடி:
வாடகை வீடு, ஓட்டைத் தொட விடமாட்டேன் என்கிறார் வீட்டுக்காரர். அங்கே?

பனங்காடு:
அக்கா, குளிக்கத் தண்ணி காய வைக்கிறதையும் மாட்டுக்குக் காய்ச்சுறதையும் முதல்ல வெளியே கொண்டுபோகச் சொல்லுங்க. உள்ளே அதிக நேரம் எரியறது பெரும்பாலும் அதுதான். பருப்பை ஊறவச்சு, மூடி போட்டு வேகவச்சா நெருப்பு நேரம் குறையும். 14.2 கிலோ சிலிண்டருக்கு மொத்தமாப் பணம் புரட்ட முடியாதவங்க 5 கிலோ சிலிண்டர் கேக்கலாம், ஏழைப் பெண்களுக்குக் கேஸ் இணைப்பு தர்ற உஜ்வாலா திட்டத்துலயும் அது உண்டு. காலைச் சமையல் மட்டுமாவது அதுல முடியட்டும். இடுப்புல பிள்ளையை வச்சுக்கிட்டு ஊதுகுழல் ஊதுறதை மட்டும் எப்படியாவது நிறுத்திடுங்க.