எஸ்.எஸ். கிளா கப்ளிங்: 304 போதுமா, 316 வேண்டுமா?

வணக்கம் நண்பர்களே. காசிமேட்டில் படகு பழுதுபார்க்கும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். கம்ப்ரசரிலிருந்து 7 பார் அழுத்தத்தில் முக்கால் அங்குல ஹோஸ் ஓடுகிறது. கடற்காற்றில் இரும்புக் கப்ளிங்குகள் துருவேறி, திருப்பவே முடிவதில்லை. அதனால் பாரிமுனையில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கிளா கப்ளிங், அதாவது நகம் போன்ற கொக்கிகளால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ஹோஸ் இணைப்பு, ஒரு ஜோடி வாங்கினேன்.

புதியவை இரண்டும் கால் சுற்றில் அழகாகப் பூட்டிக்கொள்கின்றன. பழையதோடு சேர்த்தால் காற்று கசிகிறது. புதியதில் நகங்களின் இடைவெளி 42 மி.மீ.; பழையதில் சற்றுக் குறைவு. இரண்டும் வேறு வேறு தரமா, அல்லது வாஷர் தேய்ந்துவிட்டதா? கலந்து பூட்டுவது ஆபத்து என்றே என் மனம் சொல்கிறது. போன வாரம் ஹோஸைக் கப்ளிங்கோடு இறுக்கும் கிளாம்ப் நழுவி, ஹோஸ் பாம்பாகச் சீறி, வேலை பார்க்கும் பையனின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அன்றிரவு நான் தூங்கவில்லை.

உப்புக் காற்றை மாலிப்டினம் கலந்த 316 ரக எஃகு நன்றாகத் தாங்கும், ஆனால் விலை அதிகம். துறைமுகப் பக்கம் 304 ரகத்தைப் பயன்படுத்தியவர்கள் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். காற்றோடு எண்ணெயும் வருவதால் நைட்ரைல் ரப்பர் வாஷர்தான் போடுகிறேன், ஈ.பி.டி.எம். ரப்பர் எண்ணெயில் உப்பிவிடும். திருகு கிளிப்பை விட்டுவிட்டு, இரண்டு போல்ட் கிளாம்ப்புக்கு மாறப்போகிறேன்.

கப்ளிங் தானாகத் திரும்பிக் கழலாமல் தடுக்கும் பூட்டு ஊசியும், இரு ஹோஸ்களையும் பிணைக்கும் பாதுகாப்புக் கம்பிவடமும் வடசென்னையில் எந்தத் தெருவில் கிடைக்கும்? அவசரமாகத் தேவைப்படுகிறது.