மறு: மரப்பல்லியின் விரலடி 'லாமெல்லா' – தமிழில் என்ன வைக்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம்.

லாமெல்லாவுக்கு, அதாவது பல்லியின் விரலடியில் குறுக்கே வரிசையாக இருக்கும் மடிப்புகளுக்கு, இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. குடியாத்தம் அண்ணன் 'ஒட்டுத்தகடு' என்றார். காட்பாடி ஆசிரியை அம்மா, தான் வகுப்பில் சொல்லித்தரும் 'உறிஞ்சுவட்டு' போதும் என்றார். இன்னொரு நண்பர் அகராதியைப் பார்த்து 'மென்தகடு' என்று எழுதினார். மூன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. சண்டைக்கு வரவில்லை. ஆனால் இது வேலூர் வட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் கையில் போகிற கையேடு. அந்த உறுப்பு செய்கிற வேலைக்கு நேர்மாறான சொல்லை அச்சில் ஏற்றிவிட்டால் பிறகு பிடுங்க முடியாது.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: நாம் பேசுவது டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் காவல் இருக்கும் வீட்டுப் பல்லியைப் பற்றி அல்ல. கணியம்பாடி வழியாகத் திருவண்ணாமலை போகிற சாலையில் மிச்சமிருக்கும் புளியமரங்களில், தோப்புகளில், கோயில் அரசமரங்களில் இருக்கிறதே, அந்தச் சாம்பல் நிறப் பெரிய பல்லி. நம் ஊரில் மரப்பல்லி என்றால் அதுதான். அறிவியல் பெயர் ஹெமிடாக்டைலஸ் லெஷெனால்ட்டி. உடம்பு மட்டும் எட்டு சென்டிமீட்டர் வரும், வாலோடு முக்கால் சாண். முதுகில் கறுத்த அலைக்கோடுகள். பகலில் பட்டை வெடிப்பிலோ பொந்திலோ தட்டையாக ஒடுங்கிக் கிடக்கும்; அடிமரத்தில் கை வைத்தால்கூட தெரியாது. இருட்டியதும் வெளியே வந்து, பெரும்பாலும் தலைகீழாக, அடிமரத்தில் காத்து நிற்கும். பூச்சி, அந்து, ஈசல், கரப்பான், சமயத்தில் தன்னைவிடச் சிறிய பல்லியும் இரைதான். முட்டை ஒரு தடவைக்கு இரண்டு, சுண்ணாம்பு ஓடு போட்டது, மரப்பொந்தில் இருக்கும். கண்ணுக்கு இமை கிடையாது, நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும்.

'ஆர்போரியல்' என்பதற்கு 'மரவாழ்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதைப் பற்றி இனி மடல் வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

சரி, விரலுக்கு வருவோம். மரப்பல்லி மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளும் வரும். அப்படி ஒன்று ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஏறியபோது உள்ளிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மரத்தில் ஒருநாளும் காணக் கிடைக்காத அடிப்பக்கம் அப்படியே தெரிந்தது. ஒவ்வொரு விரலின் அடியிலும் வெளுத்த மடிப்புகள் குறுக்கே வரிசை வரிசையாக இருந்தன. நுனிப்பக்கம் அகலம், அடிப்பக்கம் குறுகல். பெரும்பாலான மடிப்புகள் நடுவில் வகிடு எடுத்ததுபோல் இரண்டாகப் பிளந்திருந்தன. பேரினப் பெயரில் உள்ள ஹெமிடாக்டைலஸ் என்பது கிரேக்கத்தில் 'அரைவிரல்'. இந்தப் பிளவைப் பார்த்தால் அந்தப் பெயர் புரியும். நகம் மட்டும் இந்த வரிசையில் சேராமல், விரலின் கடைசிக் கணுவோடு மேலே எழும்பித் தனியாக நின்றது.

அது நகர்ந்ததுதான் முக்கியம். காலைத் தூக்கும் முன் விரல் நுனியை மேல்நோக்கிச் சுருட்டியது. மடிப்புகள் நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கண்ணாடியை விட்டன, ஸ்டிக்கர் பொட்டை ஓரத்திலிருந்து உரிப்பதுபோல. அதன் பிறகுதான் பாதம் எழுந்தது. வைக்கும்போது இதற்கு மாறாக முதலில் உள்ளங்கால், பிறகு விரல் விரிந்து படிந்தது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. பல்லி ஒரு இடத்தில் நின்று திரும்பினால்தான் நமக்குப் பார்க்க வாய்க்கும்.

இனி 'உறிஞ்சுவட்டு'. உறிஞ்சிப் பிடிப்பதென்றால் வெளிக்காற்றின் அழுத்தம் வேண்டும். டெல்லிட் என்பவர் 1934-லேயே காற்றை வெளியேற்றிய கலத்தில் சோதித்துப் பார்த்தார். காற்று போன பிறகும் பிடி விடவில்லை. உறிஞ்சுதல் கதை அத்தோடு முடிந்தது. ஆசிரியை அம்மா மன்னிக்க வேண்டும், தொண்ணூறு வருடமாகச் செத்துக் கிடக்கும் விளக்கத்துக்கு நாம் புதுச்சொல் செய்து உயிர் கொடுக்கக் கூடாது.

'ஒட்டுத்தகடு' இன்னும் சிக்கல். ஒட்டு என்றதும் பிள்ளைக்குப் பசை ஞாபகம் வரும். பல்லியின் விரலடியில் பசை சுரக்கும் சுரப்பியே இல்லை. பசையாக இருந்தால் சித்திரை மாதப் புழுதியில் இரண்டு மரம் ஏறுவதற்குள் விரல் முழுக்க மண் அப்பியிருக்கும். பல்லியின் விரலோ நாலு எட்டு நடந்தால் தூசியைத் தானே உதறிவிடுகிறது. உண்மையில் ஒவ்வொரு மடிப்பின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய முடிகள் அடர்ந்திருக்கின்றன. தென்கிழக்காசியாவின் டோக்கே பல்லியில் எண்ணிப் பார்த்ததில் ஒரு பாதத்துக்குச் சுமார் ஐந்து லட்சம். ஒன்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதன் நுனி மறுபடி நூற்றுக்கணக்கில் பிரிந்து கரண்டி வடிவில் முடிகிறது. இந்த நுனிகள் பரப்பை மிக நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கு இடையிலான வான்டெர்வால்ஸ் விசை வேலை செய்கிறது. அமெரிக்க உயிரியலாளர் கெல்லார் ஆட்டம் (Kellar Autumn) குழுவினர் 2000-ல் ஒற்றை முடியின் பிடியை அளந்தார்கள். 2002-ல் விசை இன்னதென்று காட்டினார்கள். முடி ஒரு கோணத்தில் சாய்ந்தால் பிடிக்கும், கோணம் கூடினால் விட்டுவிடும். விரல் நுனியைச் சுருட்டுவது இதற்காகத்தான். பிடிப்பதற்குப் பல்லி தசையை முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுகூட இல்லை. செத்த பல்லியின் பாதமும் பிடிக்கும் என்று 2014-ல் காட்டியிருக்கிறார்கள்.

'மென்தகடு' தவறு என்று சொல்ல மாட்டேன், சப்பென்று இருக்கிறது. செவுளில் உள்ளதும் லாமெல்லா, காளானின் அடியில் உள்ளதும் லாமெல்லா. அகராதிக்காரர் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று வைத்துவிட்டுப் போனார். அது அவர் வேலை. ஆனால் தகடு என்றாலே நமக்குத் தகரம், செம்பு. வளைந்து, உரிந்து, மறுபடி படிகிற ஒன்றைத் தகடு என்று சொல்ல நாக்கு வரவில்லை.

என் சொல்: பற்றிதழ். பற்று + இதழ்.

பற்று என்பதில் பசையும் இல்லை, உறிஞ்சலும் இல்லை. பிடிக்கிறது, வேண்டாதபோது விடுகிறது. தாவரவியலில் பற்றுக்கம்பி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே பழக்கம், ஆகவே புதுச்சுமை இல்லை. இதழ் மெல்லியது, வரிசையாக அமைவது, எண்ணத் தக்கது. கடைசியாகச் சொன்னது அலங்காரத்துக்கு இல்லை. ஹெமிடாக்டைலஸ் பேரினத்தில் நூற்றைம்பதுக்கு மேல் இனங்கள்; ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்க நிபுணர்கள் பார்க்கிற அடையாளங்களில் பின்கால் நான்காம் விரலின் மடிப்பு எண்ணிக்கையும் ஒன்று. 'நான்காம் விரலில் பற்றிதழ்கள் இத்தனை, அவற்றில் பிளவிதழ்கள் இத்தனை, அடியில் ஒற்றையிதழ்கள் இத்தனை' என்று எழுதிப் பாருங்கள், ஓடுகிறது. 'உறிஞ்சுவட்டுகள் பிளவுபட்டவை' என்று எழுதினால் கல் தடுக்குகிறது.

முதலில் 'பற்றுவரி' என்றுதான் நினைத்தேன். வீட்டில் சொன்னதும் "ஜிஎஸ்டிக்கு மேல இது வேறயா?" என்று கேட்டுவிட்டார்கள். பற்று வரவுக் கணக்கு, அதோடு வரியும். விட்டுவிட்டேன். 'இதழ் என்றால் பத்திரிகையாச்சே' என்று யாராவது வருவீர்கள். அல்லியிதழ் என்றால் வார இதழ் என்று எவரும் நினைப்பதில்லை.

முடிகளுக்கு, அதாவது சீட்டாவுக்கு, 'பற்றுமயிர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணப்படி நல்ல சொல். ஆறாம் வகுப்பில் அதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் அன்றைக்கு அந்தப் பீரியட் போச்சு. வேர்த்தூவி இருக்கும்போது 'பற்றுத்தூவி' என்று போட்டுவிடலாமே. பல்லி தோலுரிக்கும்போது தூவிகளும் சேர்ந்து புதிதாகின்றன. உரித்த தோலைப் பல்லி பெரும்பாலும் தின்றுவிடும் என்பதையும் கையேட்டில் சேர்க்கலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஒரு எதிர்ப்பை நானே சொல்லிவிடுகிறேன். மரப்பல்லி வாழ்வது கண்ணாடியில் அல்ல, பட்டையில். முரட்டுப் புளியம்பட்டையில் நகத்துக்குத்தான் வேலை அதிகம். தூவி பதிய வழுவழுப்பான இடம் அங்கே துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். நகம் வெடிப்பில் மாட்டுகிறது, இதழ் இடையிலுள்ள பரப்பில் படிகிறது. ஆகவே கையேட்டில் 'பற்றிதழால் மரம் ஏறுகிறது' என்று மொட்டையாக எழுதக் கூடாது, இரண்டையும் சொல்ல வேண்டும். ஏலகிரி போன்ற மலைகளின் பாறைகளில் திரியும் நெமாஸ்பிஸ் என்ற பேரினத்தின் சிறிய பல்லிகளுக்கு இப்படி அகன்ற விரலடியே கிடையாது, மெலிந்த விரலும் நகமும் வைத்தே பாறையில் ஓடுகின்றன.

இன்னொரு திருத்தம், சொல்லோடு நேரடித் தொடர்பு இல்லை. வரைவில் தங்கப்பல்லியை 'வடஆர்க்காட்டு மரப்பல்லி' என்று யாரோ சேர்த்திருக்கிறார்கள். பெடோம் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1870-ல் அதை விவரித்தபோது திருப்பதி மலை, வடஆர்க்காடு என்று குறித்தது உண்மை. அப்போது திருப்பதி நம் மாவட்டத்தில் இருந்தது. 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரிந்தது. பிற்பாடு வேலூர்ப் பக்கத்து மலைகளிலும் தங்கப்பல்லி பதிவாகியிருக்கிறது. ஆனால் அது பாறை இடுக்கில் வாழ்வது, மரத்துக்கு உரியதல்ல. அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக மரப்பல்லியின் அறிவியல் பெயரில் இருக்கும் லெஷெனால்ட்டைப் பற்றி இரண்டு வரி போடலாம். 1816-ல் புதுச்சேரிக்கு வந்து பிரெஞ்சுத் தோட்டத்தைக் கவனித்த தாவரவியலாளர். அவர் இறந்து பத்து வருடம் கழித்து, 1836-ல் பிரெஞ்சு விலங்கியலாளர்கள் துமெரிலும் பிப்ரோனும் இந்தப் பல்லிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

சொல்லுக்கு மறுப்பு இருந்தால் இந்த வெள்ளிக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை பக்கம் அமைப்பவரிடம் போகிறது. படம் வரைந்த தம்பியிடமும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: கண்மணியை வட்டமாக வரைந்திருக்கிறார், மரப்பல்லிக்கு அது செங்குத்துக் கோடு. நகங்களை விரல்திண்டுக்குள் புதைத்துவிட்டார். அவை மேல்பக்கமாக எழும்பி வெளியே நீள வேண்டும்.