கரப்பானுக்குப் போரிக் பவுடர் வைத்தும் குறையவில்லை, குழந்தைக்கும் போடலாமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் சமையலறையில் மிக்ஸிக்குப் பின்புறமும் அடுப்பு மேடையின் இடுக்குகளிலும் சிறிய பழுப்பு நிறக் கரப்பான்கள் பெருகிவிட்டன. கேரம் போர்டுக்காக வாங்கிய போரிக் பவுடரையும் கோதுமை மாவையும் சம அளவில் எடுத்து, சர்க்கரையும் பாலும் சேர்த்துப் பிசைந்து உருண்டைகளாக வைத்தேன். மீதித் தூளை சிங்க்கின் அடியில் கொட்டினேன். ஒரு வாரமாகியும் பெரிய மாற்றமில்லை. இதற்கிடையில், எட்டு மாதக் குழந்தைக்கு டயாபர் பட்ட இடம் சிவந்திருப்பதைப் பார்த்த என் அத்தை, அந்தக் காலத்தில் இந்தப் பவுடரைத்தான் போடுவோம் என்கிறார். போடலாமா?

முதல் பதில்:
இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போட வேண்டாம். அத்தை சொல்வது உண்மைதான், முன்பு அப்படிப் போட்டார்கள். ஆனால் புண்ணாகாத தோலின் வழியே மிகக் குறைவாகவே உள்ளே செல்லும் போரிக் அமிலம், சிவந்து உரிந்த தோலின் வழியே எளிதாக இரத்தத்தில் கலந்துவிடும். அதை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமோ கைக்குழந்தைக்கு இன்னும் முழுத் திறன் பெற்றிருக்காது. இவ்வாறு குழந்தைகள் இறந்ததாக மருத்துவ இதழ்களில் செய்திகள் வந்த பிறகே அந்த வழக்கம் கைவிடப்பட்டது. துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தடவி, சிறிது நேரம் டயாபர் இல்லாமல் காற்றாட விடுங்கள். தொடை மடிப்புகள் வரை சிவந்து, ஓரங்களில் சிறு புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவத்தில் இதற்கு இன்றும் ஓரிடம் உண்டு. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்றுக்கு, உள்ளே வைக்கும் 600 மில்லிகிராம் கேப்ஸ்யூலாக மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். அதுவும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது, வாய்வழி உட்கொள்ளவே கூடாது. கேரம் பவுடரை வைத்து அதை வீட்டில் தயாரிக்கலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள்.

இரண்டாவது பதில்:
கரப்பான் விஷயத்தில் பவுடர் அதிகமாகிவிட்டதுதான் சிக்கல் என்று தோன்றுகிறது. பாதிக்குப் பாதி போரிக் கலந்த உருண்டையைக் கரப்பான் அநேகமாகத் தின்னாது. கொட்டிவைத்த குவியலையும் சுற்றிக்கொண்டு போய்விடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மெல்லிய படலமாகத் தூவினால்தான் அதன் மேல் நடந்து, காலிலும் உணர்கொம்பிலும் ஒட்டியதை வாயால் சுத்தம் செய்யும்போது விழுங்கும். உடனே சாகாது, சில நாட்கள் பிடிக்கும். நீங்கள் சொல்லும் சிறிய இனத்தின் ஒரே முட்டைப் பையில் 30 முதல் 40 குஞ்சுகள் வரை இருக்கும் என்பதால், பெரியவை செத்தாலும் புதியவை வந்துகொண்டிருக்கும். சில வாரங்களாவது விடாமல் தொடர வேண்டும்.

சிங்க்கின் அடி ஈரமாக இருந்தால் தூள் கட்டிதட்டிப் பயனற்றுப் போகும். முதலில் குழாய்க் கசிவை நிறுத்துங்கள், இரவில் எச்சில் பாத்திரங்களைப் போட்டுவைக்காதீர்கள். வேறு உணவும் தண்ணீரும் கிடைக்கும்வரை உங்கள் உருண்டையை அது சீண்டாது. அதே இடத்தில் கரப்பான் ஸ்பிரே அடித்தால், அந்த நெடிக்கே அது உருண்டைப் பக்கம் வராது.

தவழும் வயதில் குழந்தை இருப்பதால், தரையில் வைத்த உருண்டைகளை இன்றே எடுத்துவிடுங்கள். இனிப்பு கரப்பானை மட்டும் இழுக்காது. எட்டாத உயரத்து இடுக்குகளிலும் அலமாரியின் பின்பக்கத்திலும் மட்டும் தூளைப் பயன்படுத்துங்கள். குழந்தை வாயில் போட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், பவுடர் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். இதற்கு முறிமருந்து கிடையாது என்பதால் தாமதிக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தரையில் இருந்த உருண்டைகளை அகற்றிவிட்டேன், அத்தையிடமும் விளக்கிச் சொன்னேன். மூத்த மகன் இதே பவுடரைப் போட்டுத்தான் கேரம் ஆடுகிறான்; அதையும் நிறுத்த வேண்டுமா?

இரண்டாவது பதிலளித்தவர்:
நிறுத்த வேண்டியதில்லை. பலகையில் தூவிய பவுடரை வாயால் ஊதாமல் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், ஆடி முடித்ததும் சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். டப்பாவின் மேல் பெயர் எழுதி ஒட்டி, மாவு, உப்பு வைக்கும் அலமாரியிலிருந்து அதை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். பார்வைக்கு மைதாவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.