தோட்டத்து நோயாளியின் கதையை வகுப்பில் சொல்லலாமா?

பேராதனை_நாலாம்வருஷம்:
மருத்துவ ஒழுக்கநெறியை வாட்டில் நடந்த சம்பவங்களை வைத்தே படிப்பிக்க வேண்டும் என்பது என் கட்சி. தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நாலு கோட்பாட்டையும் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறோம். டஸ்கிகீ பற்றிக் கேட்டால் பக்கம் பக்கமாக வரும்: அமெரிக்காவில் கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோயை, பெனிசிலின் வந்த பிறகும் மருந்து கொடுக்காமல் 1932 முதல் 1972 வரை பார்த்துக்கொண்டிருந்த ஆய்வு. அதை அநியாயம் என்று சொல்ல யாருக்குக் கஷ்டம்? நாளைக்கு நுவரெலியாவிலோ பதுளையிலோ வேலை கிடைத்தால் வரப்போவது வேறு. மூன்றாவது பிரசவத்துக்கு வந்த கொழுந்து பறிக்கிற அக்காவிடம் எல்.ஆர்.டி. (இனிப் பிள்ளை பிறக்காதபடி செய்கிற கருத்தடை அறுவை) செய்யச் சம்மதப் படிவம் நீட்டுவார்கள். படிவம் சிங்களத்தில். பக்கத்தில் நிற்பவர் "ஒண்ணுமில்ல, கையெழுத்துப் போடு" என்பார். அவரும் போடுவார். அது சம்மதமா?

லயத்துக்காரன்:
தம்பி, உங்களுக்கு அது கேஸ். எங்களுக்கு அது பக்கத்துக் காம்பிரா அக்கா. பெயரை எடுத்துவிட்டோம் என்பீர்கள். தோட்டத்தின் ஒரு டிவிஷனில் எத்தனை லயம் (எங்கள் வரிசை வீடுகள்)? வயது, எத்தனையாவது பிள்ளை, எந்த மாதம் என்று சொன்ன பிறகு பெயர் எதற்கு? அதே தோட்டத்துப் பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால் முடிந்தது கதை. (இப்போது அப்படிப் போகிறார்கள், சந்தோஷம்தான்.) அப்புறம், ஏன் எப்போதும் எங்கள் ஆட்கள்? கொழும்பில் காசு கட்டிப் படுத்தவரின் கதையை யாராவது வகுப்புக்குக் கொண்டுவருகிறார்களா?

டிக்கோயாப்பக்கம்_மிஸ்:
நான் வாட்டில் தாதியாக நிற்கிறவள். மொழிபெயர்ப்பது சில நேரம் பக்கத்துக் கட்டில் நோயாளி, சில நேரம் பள்ளிக்கூடம் போகிற மகள். அம்மாவின் மாதவிடாய் பற்றி மகள் வழியாகக் கேட்கிறோம்! தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் 13ஆம் திருத்தம் வந்தது, சரி. தமிழ்ப் படிவமே கிடைத்தாலும் வாசிக்கத் தெரியாதவருக்கு அதனால் என்ன? இதையெல்லாம் படிப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் டிக்கட்டை (நோயாளியின் விவரம் எழுதிய கட்டில் அட்டையை) போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிற மாணவர்களையும் பார்க்கிறேன். அண்ணன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

கண்டிச்_சட்டத்தரணி:
நீதிமன்றத் தீர்ப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள், அவை பகிரங்கமானவை. மூளையில் கட்டி வந்து இறந்த ஒரு சிறுமியின் வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம், வைத்தியரின் கவனக்குறைவு உண்டு, ஆனால் மரணத்துக்கு அதுதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்று நட்டஈட்டை மறுத்தது. ஒரு முழு வகுப்புக்கு அது போதும். வாட்டுக் கதைகளைப் பேசுவதானால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகநலத் தகவலைத் தனி வகையாக வைத்திருப்பதையும் மறக்காதீர்கள்.

டிக்கோயாப்பக்கம்_மிஸ்:
சேர், கொழும்பு வரை வழக்காட முடிந்தவர்களின் கதைதான் தீர்ப்பாக வரும். லயத்திலிருந்து எத்தனை பேர் போவார்கள்? தீர்ப்பை மட்டும் படித்தால் அவர்கள் பாடத்திலேயே இருக்க மாட்டார்கள்.

லயத்துக்காரன்:
பகிரங்கமான கதை எங்களிடமும் இருக்கிறது. 1980களில் கருத்தடை அறுவைக்குச் சம்மதித்தவர்களுக்கு அரசாங்கமே 500 ரூபா வரை கொடுத்தது. கூலிக்காரக் குடும்பத்துக்கு அது சின்னக் காசா? காசுக்காகப் போட்ட கையெழுத்தை என்னவென்று சொல்வது? அதைப் படிப்பியுங்கள். யார் மானமும் போகாது.

பேராதனை_நாலாம்வருஷம்:
அண்ணே, அதுவும் டஸ்கிகீ மாதிரித்தான் ஆகிவிடும். அந்தக் காலத்து அரசாங்கம் செய்தது என்று திட்டிவிட்டு, மாணவன் நிம்மதியாக வாட்டுக்குப் போய் அதே படிவத்தை நீட்டுவான். அவன் நேற்றுப் பார்த்த நோயாளியைப் பற்றிப் பேசினால்தான் அவனுக்கு உறைக்கும். இரண்டு மூன்று சம்பவங்களைக் கலந்து, ஊரையும் வயதையும் மாற்றி, நோயாளியிடம் சம்மதம் வாங்கிச் சொல்லலாமே?

லயத்துக்காரன்:
யார் வாங்குவது? வெள்ளைக் கோட்டோடு கட்டிலடியில் நின்று நீங்களா?

டிக்கோயாப்பக்கம்_மிஸ்:
கட்டிலில் இருக்கும்போது கேட்கவே கூடாது. வீட்டுக்குப் போன பிறகு, அவர்களுக்குப் பழக்கமான மருத்துவிச்சி தமிழில் கேட்கட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது.

லயத்துக்காரன்:
மிஸ், நீங்கள் சொல்வது நல்ல முறை. ஆனால் அடுத்த பிரசவத்துக்கும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும் என்பது அந்த அக்காவுக்குத் தெரியும். அப்படி "வேண்டாம்" என்று சொன்ன ஒருவரையாவது காட்டுங்கள், பிறகு ஒத்துக்கொள்கிறேன்.