பூத்துக் கொட்டிய தக்காளி: மாடித்தோட்ட அனுபவங்கள்

சென்னையிலிருந்து:

மொட்டைமாடியில் தக்காளி போடுகிறவர்கள் பலருக்கும் இந்த வேதனை தெரிந்திருக்கும். செடி இடுப்பு உயரம் வளரும், கொத்துக் கொத்தாகப் பூக்கும், காலையில் போய்ப் பார்த்தால் பூவெல்லாம் தரையில் கிடக்கும். எனக்கு ஒரு கோடை முழுக்க இப்படியே போனது.

பிப்ரவரியில் விதை போட்டு ஆறு பைகளில் நட்டிருந்தேன். தென்னை நார்க்கழிவு, செம்மண், மண்புழு உரம் எல்லாம் கலந்த நல்ல கலவைதான். ஏப்ரல் கடைசியில் பூக்க ஆரம்பித்தது, கூடவே கொட்டவும் ஆரம்பித்தது. விழுந்த பூ ஒன்றை எடுத்துப் பார்த்தேன். காம்பின் நடுவில் விரல் முட்டி போல ஒரு கணு இருக்கும். சரியாக அந்த இடத்தில் மஞ்சளாகி, வெட்டி விட்டதுபோல் கழன்றிருந்தது. பூச்சி கடித்த தடமே இல்லை. விதை வாங்கின கடையில் சத்துக் குறைவு என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். தெளித்தேன். இலை கரும்பச்சையாகச் செழித்ததே தவிர, ஒரு பிஞ்சு நிற்கவில்லை.

அப்போது தேனிப் பக்கத்திலிருந்து என் மாமியார் வந்திருந்தார். ராத்திரி சாப்பிட்டுவிட்டு மாடிக்கு வந்தவர், வெறுங்காலை வைத்ததுமே, "மணி பத்தாகப் போகுது, இன்னும் தரை சுடுதேம்மா, இதுல பிஞ்சு எப்படி நிக்கும்?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. தக்காளிக்குப் பகல் வெயிலைவிட ராத்திரிப் புழுக்கம்தான் பெரிய எதிரி. இரவில் 15 முதல் 20 டிகிரி இருந்தால் நன்றாகக் காய் பிடிக்கும். 24, 25 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் வீரியமிழந்துவிடும். கரு பிடிக்காத பூவைச் செடியே கழற்றிவிடும். சென்னையில் மே மாத ராத்திரி பல நாள் 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. எந்த மருந்து இதற்கு என்ன செய்யும்?

அடுத்த முறை காலத்தை மாற்றினேன். அக்டோபர் கடைசியில் விதைத்து, மழை அடிக்காமல் நாற்றைத் தாழ்வாரத்தில் வைத்திருந்து, டிசம்பர் தொடக்கத்தில் பைக்கு மாற்றினேன். நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டைப் பாதிவரை மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள், புதைந்த தண்டிலும் வேர் விடும். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தேன். விதை மாமியார் சொன்ன பி.கே.எம் 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த ரகம், தேனி அருகே உள்ள அண்ணஞ்சியின் நாட்டுத் தக்காளியிலிருந்து உருவாக்கியது. தட்டையாக, தோளில் பச்சை படர்ந்து, நல்ல புளிப்போடு இருக்கும். ரசத்துக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை என்பேன்.

ஜனவரியில் பூத்தது. காலை ஒன்பது மணிவாக்கில் கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுவேன். கணு பச்சையாகவே நின்றது. நாலாம் நாள் வாடிய இதழுக்குள்ளே மிளகு அளவில் ஒரு பிஞ்சு. கீழே ஓடிப்போய் மாமியாருக்குப் போன் போட்டேன்.

மதுரையிலிருந்து:

எங்களுக்குப் பூ கொட்டவில்லை, இலைச்சுருள்தான் வந்தது. நுனி இலைகள் கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருண்டு, செடி அப்படியே குட்டையாக நின்றுவிடும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது, வந்த செடிக்கு மருந்து கிடையாது. மனசு கேட்காமல் ஒரு செடியைப் பத்து நாள் வைத்திருந்தேன், பக்கத்துச் செடிகள் மூன்றும் போய்விட்டன. இப்போது கண்டவுடன் பிடுங்கிவிடுகிறேன். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் கட்டினால் ஈ வந்து ஒட்டிக்கொள்ளும்.

திருச்சியிலிருந்து:

காய்த்தபிறகு காயின் அடிப்பாகம் கறுத்துப்போனால் பூஞ்சை என்று பயப்படாதீர்கள். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் இரண்டு வாளி ஊற்றினால், கால்சியம் காய்க்குப் போய்ச் சேராமல் அப்படி ஆகும். நான் முட்டை ஓடாகப் பொடித்துப் போட்டும் நிற்கவில்லை. பை மேல் இரண்டு விரல்கடை உயரத்துக்குச் சருகு பரப்பி, காலையும் மாலையும் அரைச் சொம்பு என்று அளவாக விட்டேன். அடுத்த கொத்தில் ஒரு காய்கூடக் கறுக்கவில்லை.